மற்றவை

ஹாங்சோவில், ஜியூபாவ் பக்கம்,
எட்டாவது மாடியில் என் நாற்காலி.
கண்ணாடிக்கு அந்தப்புறம் ஃபெய் யென்
வட்ட விளக்கின் முன் நின்று தொண்டை கிழியக் கத்துகிறாள்:
"மூன்று, இரண்டு, ஒன்று, லிங்க் போட்டாச்சு!"
இந்தப்புறம் நான்
சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருக்கிறேன்:
அன்பே, இருக்கிறது.
அன்பே, நாளைக்கே கிளம்பிவிடும்.
அன்பே, சாம்பல் நிறம் தீர்ந்தது, ஒட்டக நிறம் பார்க்கிறீர்களா?

கடை விதி அது.
முகம் தெரியாத எவரையும் அன்பே என்றுதான் விளிக்க வேண்டும்.
ஒரு ஷிப்டுக்கு அறுநூறு அன்பே.
வீட்டுக்குப் போய்
கணவனை "ஏய்" என்கிறேன்.

கோட்டு உருகுவேயிலிருந்து வருகிறது.
அங்கே மனிதர்களைவிட ஆடுகள் அதிகம்
என்பாள் ஃபெய் யென் நேரலையில்.
விற்பனை மந்தமான இரவுகளில்
ஆடுகள் இன்னும் பெருகும்.

மான்டிவிடியோவிலிருந்து வந்திருந்தார் எச்செகோயன்.
"சீன நுகர்வோர்" என்று ஒரு ஸ்லைடு காட்டினார்.
வயது இருபத்தேழு. இரண்டாம் நிலை நகரம்.
ஒரு பூனை. தன்னைத் தானே கொண்டாடும் மனம்.
கைப்பையோடு ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் நான் பேசியதில்லை.
நான் பேசியவர்களின் பெயர்கள் வேறு:
இளைத்த பிறகு பேசலாம்.
பூண்டு உரிக்கும் நிலா.
சம்பளம் வரும்வரை பிணம்.
கடைசி பஸ் ஏழாம் நம்பர்.

கடைசி பஸ் முதலில் எழுதியது
ஒரு ஜனவரி இரவு, இரண்டு பத்துக்கு,
மூதான்ஜியாங்கிலிருந்து.
உட்கார்ந்தால் சுருங்குமா?
சுருங்காது, அன்பே.
பொத்தான் எல்லாம் போட்டால் வயிறு தெரியுமா?
தெரியாது, அன்பே.
அங்கே மைனஸ் இருபத்து மூன்று.
இந்தக் கோட்டு அந்தக் குளிருக்கு ஒரு வாய்க்குக் காணாது.
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.
அவளுக்கும் தெரியும். கேட்கவில்லை.
கடைசியாக ஒன்று கேட்டாள்:
விலைச்சீட்டு எந்தப் பக்கம் தொங்கும்?

இடது கை, உள்பக்கம், என்று எழுதினேன்.
அன்பே போட மறந்துவிட்டேன்.
அதற்கு இரண்டு மதிப்பெண் போயிற்று.

ஏழாம் நாள் கோட்டு திரும்பி வந்தது.
ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம்,
ஆனாலும் பெட்டியில் ஒரு பட்டியல் கேட்கும்:
அளவு. நிறம். துணி. தாமதம். மற்றவை.
மற்றவை என்று அழுத்தியிருந்தாள்.

கிடங்கிலிருந்து கெங் அண்ணன் படம் அனுப்பினார்.
காலரில் பவுடர், ஒரு விரல் அகலம்.
உள்பையில் சூரியகாந்தித் தோல் இரண்டு,
நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டு:
நேர்காணல், அறை மூன்று, வரிசை எண் பதினேழு.
"போட்டுத் திரிந்திருக்கிறாள், பணம் தரவேண்டாம், தள்ளிவிடவா?"
பவுடர் துடைத்தால் போகுமா, அண்ணே?
"போகும்."
துடையுங்கள்.

அன்பே, பணம் மூன்று நாளில் வந்து சேரும்.
அந்த வேலை கிடைத்ததா என்று கேட்க
தயார் வாக்கியங்களில் ஒன்றும் இல்லை.
நானாக எழுதி, அழித்து,
அடுத்தவரின் ஒட்டக நிறத்துக்குப் போனேன்.

எச்செகோயனின் அடுத்த ஸ்லைடில் வட்டம் ஒன்று,
ஆரஞ்சுப் பழத்தை அறுத்த மாதிரி.
ஒரு சுளையைத் தொட்டு, மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார்:
இந்த மற்றவை, இது என்ன?
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
சின்னதுதான் சார், என்றேன்.

சின்னதில்லையாம். வளர்கிறதாம்.
எனவே ஒரு தீர்வு:
சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு சீட்டு,
கழற்றினால் திருப்ப முடியாது,
கழற்றாமல் தெருவில் இறங்க முடியாது.
கைதட்டினார்கள். ஃபெய் யென் கூட,
தொண்டைக்கு மாத்திரை போட்டபடியே.

கேள்வி உண்டா என்றார்.
ஒன்றே ஒன்று கேட்டேன்:
எந்தப் பக்கம் தொங்கும்?